மிக்சருக்குப் பின்னால் ஒரு கணக்கு

களியக்காவிளை சந்தையைத் தாண்டி இஞ்சிவிளைப் பக்கம் நடந்தால் தமிழ்நாடு முடிந்து கேரளம் வந்துவிடும். பஸ்ஸின் நிறம் மாறும், கடைப்பலகையின் எழுத்து மாறும், லாட்டரிக் கடைகள் முளைக்கும். கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் மாறும்: ஒரு ஆளின் ஒரு நாள் உழைப்புக்கு என்ன விலை என்பது. ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலங்கள் பற்றிய புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23ஆம் ஆண்டில் கேரளக் கிராமங்களில் விவசாயம் அல்லாத வேலை செய்யும் கூலித் தொழிலாளிக்குச் சராசரி நாள் கூலி 696 ரூபாய் 60 காசு. நாட்டின் சராசரி 348 ரூபாய். கட்டட வேலை என்றால் கேரளத்தில் 852 ரூபாய் 50 காசு, நாட்டில் 393 ரூபாய் 30 காசு. ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் காலை பஸ்ஸிலும் ரயிலிலும் குமரி மாவட்டத்து ஆட்கள் தூக்குவாளியோடு மேற்கே போகிறார்கள்.

இந்தக் கூலிக் கணக்குக்கும் படிப்புக்கும் என்ன தொடர்பு? ஒரு படிப்பின் உண்மையான விலை அதில்தான் இருக்கிறது.

பாறசாலை, தனுவச்சபுரம், செறுவாரக்கோணம், உதியன்குளங்கரை என்று இந்தப் பகுதியில் எந்த ஊரை எடுத்தாலும் ‘லைட் அண்ட் சவுண்ட்ஸ்’ என்று பலகை மாட்டிய கடை ஒன்றாவது இருக்கும். கோயில் உற்சவம், தேவாலயத் திருநாள், கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று அவர்களுக்கு வேலை வந்துகொண்டே இருக்கும். அந்தக் கடையில் விடுமுறைக்கு வயர் இழுத்துப் பழகிய பையன், எஸ்எஸ்எல்சி முடித்ததும் வீட்டில் வந்து “நான் சவுண்டு படிக்கணும்” என்கிறான். அம்மா கேட்கும் முதல் கேள்வி, “ஃபீஸ் எவ்வளவு மக்களே?” அப்பா கேட்பது வேறு: “மைக் செட்டுக்காரன் ஆகிறதுக்கு மூணு வருசம் படிக்கணுமாடே?”

இரண்டில் அப்பாவின் கேள்விதான் பொருளாதாரக் கேள்வி.

அமெரிக்காவில் இந்தச் சவுண்டுத் தொழிலுக்கென்று சமுதாயக் கல்லூரிகளில் இரண்டாண்டுப் படிப்பு இருக்கிறது. ஒலி, ஒளி, வீடியோ, அவற்றை இணைக்கும் வலைப்பின்னல் எல்லாம் அதில் அடங்கும். நம்மூரில் அதே மாதிரிப் படிப்பைத் தேடினால் கிடைப்பது அரிது. பத்தாவது முடித்து நெய்யாற்றின்கரை அரசு பாலிடெக்னிக் மாதிரியான இடத்தில் மூன்றாண்டு டிப்ளமோ ஒரு வழி. தனுவச்சபுரம் அரசு ஐடிஐ இன்னொரு வழி. திருவனந்தபுரம் திருவல்லத்தில் மாநில அரசின் சி-டிட் 1988 முதல் இருக்கிறது. படத்தொகுப்பு, வீடியோ தயாரிப்பு எனக் குறுகிய படிப்புகள் நடத்துகிறது. கோட்டயம் மாவட்டத்தில் கே.ஆர். நாராயணன் பெயரிலான காட்சிக்கலை நிறுவனத்தில் ஒலிப்பதிவு தனிப் பிரிவு. சென்னை தரமணியில் 1945இல் தொடங்கிய திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒரு காலத்தில் மூன்றாண்டு டிப்ளமோவாக இருந்தது இப்போது நான்காண்டுப் பட்டம். இவை தவிர, லட்சங்களில் கட்டணம் வாங்கும் தனியார் நிறுவனங்கள் பல.

மனிதனுக்குக் கொடுக்கும் பயிற்சியை ஒரு முதலீடாகப் பார்க்கலாம் என்பது பழைய யோசனை. 1776இல் ஆடம் ஸ்மித், நிறைய உழைப்பும் நேரமும் செலவிட்டுப் பயிற்றப்பட்ட ஆளை விலை உயர்ந்த இயந்திரத்தோடு ஒப்பிட்டார். இயந்திரம் தேய்வதற்குள் போட்ட முதலையும் லாபத்தையும் சம்பாதித்துத் தர வேண்டும். படித்தவனின் கூலியும் அப்படித்தான் என்றார். ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து தியோடர் ஷூல்ட்ஸ், கேரி பெக்கர் ஆகியோர் இதை முழுக் கோட்பாடாக்கி நோபல் பரிசு பெற்றார்கள். ஜேக்கப் மின்சர் 1974இல் படிப்பையும் அனுபவத்தையும் வருமானத்தோடு இணைக்கும் சமன்பாட்டைக் கொடுத்தார். அந்த வழியில் உலகெங்கும் செய்த ஆய்வுகளைத் திரட்டி 2018இல் சகாரோபுலோசும் பேட்ரினோசும் எழுதிய மதிப்பாய்வு, ஒரு கூடுதல் படிப்பு ஆண்டு வருமானத்தைச் சராசரியாக 9 சதவீதம் கூட்டுகிறது என்கிறது. சராசரி என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். பாறசாலைப் பையன் சராசரி அல்ல. அவன் ஓர் ஆள்.

அவனுக்குக் கணக்குப் போடுவோம். இந்தக் கணக்கில் வரும் எண்களில் கூலியும் அப்ரண்டிஸ் உதவித்தொகையும் தவிர மற்றவை நான் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. உங்கள் வீட்டு எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

அவன் படிக்கவே இல்லை, நேராக மைக் செட் கடையில் ஆளாகச் சேர்ந்துவிட்டான் என்று வைப்போம். நாளுக்கு 700 ரூபாய், வருடத்தில் 200 நாள் வேலை. ஆண்டுக்கு 1,40,000. படித்தால் இந்தப் பணம் கைக்கு வராது. ரசீது எதுவும் இல்லாத இந்தச் செலவுதான் பெரும்பாலான படிப்புகளில் மிகப் பெரிய செலவு. கூலி குறைவான மாநிலத்தில் இது சிறிய தொகை. கூலி நாட்டிலேயே உச்சத்தில் இருக்கும் கேரளத்தில் பெரிய தொகை. ஒரே படிப்பு, ஒரே கட்டணம் என்றாலும், எல்லைக்கு மேற்கே படிப்பதற்கு விலை அதிகம்.

இதில் ஒரு நுணுக்கம். பத்தாவது முடித்து பாலிடெக்னிக்கில் சேர்பவனுக்கு வயது பதினாறை ஒட்டி. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஆபத்தான வேலைகளில் வைக்கச் சட்டம் தடை செய்கிறது. முழுக் கூலிக்கு எடுக்க நல்ல முதலாளி யோசிப்பார். ஆக மூன்றாண்டில் கடைசி ஆண்டு மட்டுமே அவன் கூலியை இழக்கிறான் என்று கொள்ளலாம். பிளஸ் டூ முடித்து அதே மூன்றாண்டைப் படிப்பவனோ மூன்று ஆண்டுக் கூலியையும் இழக்கிறான். படிப்பின் நீளம் ஒன்றுதான். எந்த வயதில் படிக்கிறோம் என்பது விலையை மாற்றிவிடுகிறது.

முதல் பையன்: அரசு பாலிடெக்னிக். கட்டணம், பஸ், புத்தகம், கைச்செலவு எல்லாம் சேர்த்து மூன்றாண்டுக்கு ஒரு லட்சம் என்று தாராளமாகவே வைப்போம். இழந்த கூலி 1,40,000. மொத்தம் 2,40,000. இரண்டாவது பையன்: பிளஸ் டூவுக்குப் பிறகு தனியார் நிறுவனம், கட்டணம் நான்கு லட்சம். இழந்த கூலி 4,20,000. மொத்தம் 8,20,000.

படித்து முடித்த முதல் ஆண்டில் ஒரு வேடிக்கை நடக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் 2019இல் திருத்திய விதிப்படி, டிப்ளமோ முடித்த அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. ஆண்டுக்கு 96,000. படிக்காமல் பாக்ஸ் தூக்கிய பள்ளித் தோழன் அதே ஆண்டில் 1,40,000 சம்பாதித்திருப்பான். டிப்ளமோக்காரன் 44,000 ரூபாய் பின்னால் நிற்கிறான்! ஊர்க்காரர்கள் இந்த ஓர் ஆண்டைப் பார்த்துத்தான் “படிச்சு என்னத்த கண்டான்” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டு அவனுக்கு மாதம் 18,000 கிடைக்கிறது என்போம். ஆண்டுக்கு 2,16,000. தோழனைவிட 76,000 அதிகம். இந்த 76,000 என்ற இடைவெளிதான் படிப்பு ஈட்டித் தரும் பணம். முழுச் சம்பளமும் அல்ல. முதல் பையன் போட்டது 2,40,000. பின்தங்கிய 44,000த்தையும் சேர்த்தால் 2,84,000. ஆண்டுக்கு 76,000 வீதம் மூன்றே முக்கால் ஆண்டில் திரும்பிவிடும். இரண்டாவது பையனுக்கு 8,64,000 திரும்ப வேண்டும். பதினொன்றரை ஆண்டு.

வட்டியைச் சேர்த்துப் பாருங்கள், கதை மாறும். நாளைக்கு வரும் நூறு ரூபாய் இன்றைய நூறு ரூபாய் அல்ல என்பது சீட்டுப் பிடிப்பவர் எல்லோருக்கும் தெரியும். 8 சதவீத வட்டி வைத்தால் முதல் பையனின் முதலீடு திரும்ப நாலரை ஆண்டுக்குச் சற்று மேலே. அதிகம் மாறவில்லை. இரண்டாவது பையனுக்கு? 8,64,000க்கு ஆண்டு வட்டியே 69,120 ரூபாய். அவன் கூடுதலாகச் சம்பாதிப்பது 76,000. வட்டி போக அசலில் கழிவது முதல் ஆண்டில் ஏழாயிரம் ரூபாய்க்கும் குறைவு. இந்த வேகத்தில் போனால் கடன் தீர முப்பத்தோரு ஆண்டு ஆகும். போட்ட முதல் மூன்று மடங்கானபோது திரும்பும் காலம் ஏழு மடங்காகிவிட்டது. கூட்டு வட்டி ஒரு எல்லைக்குள் சாதுவாகவும், அந்த எல்லையைத் தொட்டதும் பூதமாகவும் நடந்துகொள்ளும். வங்கியில் கடன் படிவத்தை நீட்டும்போது இதை யாரும் சொல்வதில்லை. மாதத் தவணையை மட்டும் சொல்வார்கள். மூன்று லட்சம், 11 சதவீதம், ஏழாண்டு என்றால் தவணை சுமார் 5,140 ரூபாய். கேட்க எளிதாகத்தான் இருக்கும். மொத்தம் கட்டுவது நான்கு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். 76,000 என்ற இடைவெளி அப்படியே நிற்கும் என்று வைத்துவிட்டேன். அது விரியலாம், சுருங்கலாம். விரியுமா என்பதைத் தீர்மானிப்பது, அந்த மூன்றாண்டில் அவன் எதைக் கற்றான் என்பது. பாக்ஸைத் தூக்க, வயரை இழுக்க, மிக்சரில் எந்தத் திருகு எதற்கு என்று அறியக் கடையிலேயே ஓராண்டு போதும். அதற்கு மேல் என்ன இருக்கிறது?

பாறசாலை மகாதேவர் கோயில் போன்ற ஓர் இடத்து உற்சவ இரவை எடுத்துக்கொள்ளலாம். மேடையில் கச்சேரி. கூட்டம் நீளமாக உட்கார்ந்திருக்கிறது. மேடை ஓரத்தில் இரண்டு பெரிய பாக்ஸ். முப்பத்தைந்து மீட்டர் தள்ளி, பின்னால் இருப்பவர்களுக்காக இன்னும் இரண்டு. மின்சாரம் வயரில் கண நேரத்தில் ஓடி நான்கு பாக்ஸையும் ஒரே சமயத்தில் பேச வைக்கிறது. காற்றில் ஒலிக்கு அந்த அவசரம் இல்லை. 30 டிகிரி வெப்பத்தில் வினாடிக்குச் சுமார் 349 மீட்டர்தான். மேடையிலிருந்து பின் பாக்ஸ் வரை வந்து சேர அதற்குப் பத்தில் ஒரு வினாடி ஆகிறது. ஆக, பின்வரிசையில் இருப்பவர் பக்கத்துப் பாக்ஸில் ஒரு சொல்லைக் கேட்டு, பத்தில் ஒரு வினாடி கழித்து மேடையிலிருந்து அதே சொல்லை மறுபடி கேட்கிறார். பேச்சில் இருபதில் ஒரு வினாடியைத் தாண்டிய தாமதமே எதிரொலியாகத் தோன்றத் தொடங்கும். பின்னால் இருப்பவர்கள் “ஒண்ணும் புரியல, சவுண்டைக் கூட்டு” என்கிறார்கள். ஆப்பரேட்டர் கூட்டுகிறார். எதிரொலியும் கூடுகிறது.

விவரம் தெரிந்தவன் செய்வது, பின் பாக்ஸுக்குப் போகும் ஒலியை வேண்டுமென்றே 100 மில்லிசெகண்ட் பிந்தி அனுப்புவது. இப்போது இரண்டு ஒலியும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அதற்கு மேலும் ஒரு பத்துப் பதினைந்து மில்லிசெகண்ட் கூட்டி வைத்தால் அதிசயம் ஒன்று நடக்கிறது. ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் காட்டியது இது: இரண்டு ஒலிகள் மிகச் சிறு இடைவெளியில் வந்தால், முதலில் வந்தது எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசையையே மூளை நம்புகிறது. பின்னால் வந்தது உரக்க இருந்தாலும் அதை முதலாவதோடு ஒட்டவைத்துவிடுகிறது. பின்வரிசைக்காரருக்குச் சத்தம் தருவது அவர் தலைக்குப் பக்கத்துப் பாக்ஸ்தான். ஆனால் அவர் காது மேடையில் இருக்கும் பாடகரிடமிருந்து நேராகக் கேட்பதாக அடம்பிடிக்கும். அங்கே ஒரு பாக்ஸ் இருப்பதே அவருக்கு மறந்துபோகும். புதுச் சாதனம் எதுவும் வாங்கவில்லை. ஒரு எண்ணைத் தட்டினான், அவ்வளவுதான்.

சத்தத்தைக் கூட்டுவதிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. 1,000 வாட் ஆம்ப் இருக்கிறது, இரண்டு மடங்கு உரக்கக் கேட்க வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் சொன்னால் பலரும் 2,000 வாட்டுக்கு ஓடுவார்கள். வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். காதுக்கு இருமடங்கு உரக்கத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு, 10,000 வாட். இலை அசைவிலிருந்து இடிமுழக்கம் வரை எல்லாவற்றையும் ஒரே காதில் அடக்குவதற்கு இயற்கை செய்துகொண்ட ஏற்பாடு இது. அதே நேரம், திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும், நான்கு மடங்கு வாட் வாங்கியதற்குச் சமம். பாக்ஸைக் கூட்டத்துக்கு நெருக்கமாக, சற்று உயரத்தில் ஏற்றி வைத்தவனுக்கு அந்த நான்கு மடங்கு இலவசம்.

இன்னொன்று, கோளாம்பி வரிசை. திருநாளுக்குத் தேவாலயத்திலிருந்து மெயின் ரோடு வரை கம்பந்தோறும் கூம்பு ஸ்பீக்கர் கட்டுவார்கள். கடைசிக் கம்பத்தில் சத்தம் செத்துப்போயிருக்கும். கம்பியிலேயே மின்சாரம் சூடாகி வீணாகிறது. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் அனுப்ப மூன்றரை ஆம்பியர் வேண்டும். அதே 100 வாட்டை 100 வோல்ட் லைனில் அனுப்பினால் ஒரே ஆம்பியர். கம்பியில் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், இழப்பு பன்னிரண்டரை மடங்கு குறைகிறது. ஊருக்கு மின்சாரம் உயர் அழுத்தத்தில் கொண்டுவரப்படுவதும் இதே காரணத்தால்தான். ஸ்பீக்கருக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், மெல்லிய செப்புக் கம்பி, வேலை முடிந்தது. அனுபவசாலிகளான பழைய ஆப்பரேட்டர்கள் இதைச் செய்யவே செய்கிறார்கள். ஆனால் எத்தனை ஸ்பீக்கர் வரை ஆம்ப் தாங்கும், எத்தனை தடிப்புக் கம்பி வேண்டும் என்று தாளில் கணக்குப் போட்டு, “இவ்வளவு போதும்” என்று விலைப்புள்ளி எழுதித் தருபவர் குறைவு. பணம் இருப்பது அந்தத் தாளில்.

ஏன் என்றால் இந்தத் தொழிலின் வருமானம் மழை மாதிரி, பருவத்தில் கொட்டும், மற்ற நாளில் வறளும். மகரம், கும்பம், மீனம் மாதங்களில் உற்சவங்கள். தவக்காலத்தில் வெள்ளறடைக்கு அருகே, இரு மாநில எல்லையில் நிற்கும் தெக்கன் குருசுமலைக்கு யாத்திரை. புரட்டாசியில் பத்மநாபபுரத்திலிருந்து நவராத்திரி விக்ரகங்கள் இந்த வழியாகத்தான் திருவனந்தபுரம் போகும். கர்க்கடகம் வந்தால் கேரளப் பக்கம் கல்யாணமும் இல்லை, மழையும் விடாது. பாக்ஸ்கள் தார்ப்பாய்க்குள் தூங்கும். எல்லையோரத்துக் கடைக்காரருக்கு இங்கே ஒரு தனி வரம் உண்டு. கர்க்கடகமும் ஆடியும் ஒரே மாதம். மேற்கே ஓய்ந்திருக்கும் அதே நாட்களில் கிழக்கே, நெல்லைச் சீமைப் பக்கம், அம்மன் கோயில் கொடைகள் களைகட்டும். இரண்டு பஞ்சாங்கத்தையும் பார்த்து வண்டியைத் திருப்பத் தெரிந்தவர் 200 நாளை 240 ஆக்கிவிடுவார். இதற்கு டிப்ளமோ வேண்டாம், இரண்டு மொழி போதும்.

டிப்ளமோ வேண்டியிருப்பது பருவமே இல்லாத வேலைக்கு. அதாவது கழற்றி மாட்டாத, நிலையாகப் பதித்த ஏற்பாடுகளுக்கு. தேவாலயத்துக்குள்ளே எதிரொலி இல்லாமல் பிரசங்கம் கேட்கச் செய்வது, ஆடிட்டோரியம், மருத்துவக் கல்லூரி வகுப்பறை, ஓட்டல் கூட்ட அரங்கு, நீதிமன்றத்தில் காணொளி விசாரணை. கேரள அரசின் கைட் நிறுவனம் 2018இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில் மட்டும் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் போயின. மாட்டிய பொருள் எல்லாம் ஒருநாள் பழுதாகும். அதைப் பார்க்கிறவனுக்குக் கர்க்கடகமும் ஒன்றுதான், கும்பமும் ஒன்றுதான். 76,000 விரிய வேண்டுமானால் இந்தப் பக்கம் போக வேண்டும் என்பது என் கட்சி. உற்சவ மேடையின் மினுமினுப்பு இதில் கிடையாது. பையன்களுக்கு அதனால் இது பிடிப்பதில்லை.

இடைவெளியைச் சுருக்குகிறவையும் இருக்கின்றன. கற்ற தொழில்நுட்பம் சீக்கிரம் மூப்படைகிறது. தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள் 2022ஐ ஒட்டிப் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. அவற்றைப் பராமரிக்கும் கைத்திறனும் அவற்றோடு போயிற்று. திரையரங்குகளில் பிலிம் புரொஜெக்டர் ஓட்டியவர்களுக்கும் அதே கதி. இன்று பெரிய அரங்குகளில் ஒலி, கணினி வலைப்பின்னல் கம்பியில் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. ஐபி முகவரி தெரியாத சவுண்டு என்ஜினியருக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே பாடத்திட்டத்தில் எந்தக் கம்பெனி மிக்சர் என்று பார்ப்பதைவிட, ஓம் விதியும் டெசிபலும் வலைப்பின்னலும் எத்தனை மணி நேரம் என்று பார்ப்பது நல்லது. மிக்சர் ஐந்தாண்டில் பழசாகும். ஹாஸ் கண்டுபிடித்தது 1949இல் எப்படியோ அப்படியே இன்றும் இருக்கிறது.

கணக்கில் யாரும் எழுதாத தேய்மானம் ஒன்று உண்டு: காது. உள்காதின் நத்தைக்கூட்டுக்குள் ஏறக்குறைய பதினைந்தாயிரம் மயிர்ச் செல்கள்தான் பிறப்பில் கிடைப்பவை. செத்தால் மனிதரில் மறுபடி முளைக்காது. அமெரிக்காவின் தொழிற்சுகாதார நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு, 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம், 100இல் பதினைந்து நிமிடம். செண்டைமேளத்துக்கு அருகிலும் பாக்ஸுக்கு முன்னாலும் நிற்கிற பையன் முதல் பாட்டு முடிவதற்குள் அன்றைய பங்கைத் தீர்த்துவிடுவான். இழப்பு முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தொடங்கும். ச, த, க போன்ற மெய்யொலிகளின் கூர்மை மங்கும். ஆப்பரேட்டர் தெரியாமலேயே மிக்சரில் அந்த இடத்தைக் கூட்டுவார், கூட்டத்தின் காதைக் கிழிப்பார். ஆடம் ஸ்மித்தின் இயந்திரத்துக்கு உதிரிபாகம் வாங்கலாம். இதற்கு முடியாது. ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள், 2000, இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டிருப்பது ஊர்க்காரர்களின் தூக்கத்துக்காக. மிக்சருக்குப் பின்னால் நிற்பவனுக்கும் அது ஓய்வு நேரம் என்பதைக் கடைக்காரர்கள் உணர்வதில்லை. ஒரு ஜோடி காதடைப்பான் விலை ஒரு நாள் கூலியில் சிறு பங்கு.

வளைகுடாவைச் சொல்லாமல் இந்தப் பகுதியில் எந்த வருமானக் கணக்கும் முடியாது. திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. 2010இல் ஒரு திர்ஹாமுக்குப் பன்னிரண்டு ரூபாய் சொச்சம்; 2024இல் இருபத்திரண்டைத் தாண்டியது. அங்கே சம்பளமே உயராதவனுக்கும் ஊரில் ரூபாய் கூடியது. ஓட்டல் அரங்குகளிலும் விமான நிலையங்களிலும் ஒலி-ஒளி பதிக்கும் நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது சான்றிதழ் கேட்கும். பாக்ஸ் தூக்கிய அனுபவத்தை மட்டும் காட்டி விசா வாங்குவது கடினம். தாளுக்கு மதிப்பு அதிகம் கிடைப்பது உள்ளூரில் அல்ல, அங்கேதான்.

“ரசூல் பூக்குட்டி ஆஸ்கர் வாங்கலையா?” என்று பையன் கேட்பான். வாங்கினார். கொல்லம் மாவட்டத்து அஞ்சல் பக்கத்துக்காரர், 1995இல் புனே திரைப்படக் கல்லூரியில் முடித்தவர், 2009இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக. பாறசாலையிலிருந்து அஞ்சல் ஒன்றும் எட்டாத தூரம் இல்லை. ஆனால் அவரோடு அதே படிப்பை முடித்த மற்றவர்களின் வருமானத்தையும் வைத்துத்தான் சராசரி போட வேண்டும். இந்தச் சீமைக்கே இன்னொரு உதாரணமும் உண்டு: ஜே.சி. டேனியல். சென்னைக்கும் மும்பைக்கும் போய்த் தொழில் கற்று, நிலத்தை விற்று ஸ்டுடியோ வைத்து, முதல் மலையாளப் படமான ‘விகதகுமாரன்’ எடுத்தார். போட்டது திரும்பவில்லை. பல் வைத்தியராகிப் பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். கேரள அரசின் உயரிய திரைப்பட விருது இன்று அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது. டேனியல் செய்தது படிப்பு முதலீடு அல்ல, தொழில் முதலீடு. டிப்ளமோ முடித்த கையோடு லைன் அரே, எல்இடி சுவர் என்று கடன் வாங்கிக் கடை போடத் துடிக்கும் பையன்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆக, என் தீர்ப்பு இது. பத்தாவது முடித்த பிள்ளைக்கு ஆசை இருந்தால் அரசு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். உற்சவ காலத்தில் கடையில் ஆப்பரேட்டர் பக்கத்தில் நிற்க விடுங்கள். பிடித்துப்போனால் நேரடியாக பி.டெக் இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் திறந்தே இருக்கும். பிளஸ் டூ முடித்தவனுக்குக் குறுகிய படிப்பு, கூடவே வேலை. நான்கு லட்சம் கடனில் மூன்றாண்டு தனியார் டிப்ளமோ என்றால், சேர்வதற்கு முன் அங்கே சென்ற ஆண்டு முடித்த மூன்று பேரைத் தேடிப் பிடித்து, இப்போது மாதம் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று நேருக்கு நேர் கேளுங்கள். மூவரில் இருவர் 18,000க்குக் கீழே சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.